ஆயிரம் ஜன்னலுக்கு அப்பால்: ஒரு செட்டிநாட்டு நாட்குறிப்பு

வியாழன் இரவு, காரைக்குடி

இந்தத் தடவை ஆயிரம் ஜன்னல் வீட்டுக்குப் போவதாக இல்லை. காரைக்குடிக்கு வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்துகிறார்கள். வெளியே நின்று ஒரு போட்டோ, ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்குள் ஒரு சுற்று, மத்தியானம் காரமாக ஒரு கோழி, சாயங்காலம் பிள்ளையார்பட்டி. செட்டிநாடு முடிந்தது, பஸ் ஏறு.

வீடுகள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒருகாலத்தில் 96 ஊர் என்பார்கள். இன்றைக்கும் எழுபதுக்கு மேல் இருக்கிறது. அத்தனையையும் இரண்டு வீட்டு முகப்பில் முடித்துவிடுவதில்தான் வருத்தம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு ஏறியபோதுகூட வீட்டின் பெயரால் ஏறவில்லை, ஊர்த் தொகுதிகளாகத்தான் ஏறியது. அதனால் இந்தப் பயணத்தில் தெரு, குளம், கோயில், மலை, பழைய சாமான் கடை. வீடு வழியில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கூட வருவது என் அத்தை. மாமியார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். பல்லவன் ரயிலில் வந்து இறங்கும்போதே தூறல். மார்கழியில் இங்கே மழை பெய்தால் யாரும் குறை சொல்வதில்லை, ஆட்டோக்காரரைத் தவிர.

வெள்ளி, கானாடுகாத்தான்

இந்த ஊர் ரயில் நிலையத்துக்குச் செட்டிநாடு என்றே பெயர். ராஜா அண்ணாமலை செட்டியாரின் 1912ஆம் ஆண்டு அரண்மனை சாத்தியிருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தோம். இந்த ஊரைக் காரில் சுற்றக் கூடாது. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால், கொல்லை வாசல் அடுத்த தெருவில். அதனால் ஒரு தெரு முழுக்க அலங்கார முகப்பாகவும், அதற்கடுத்த தெரு முழுக்க மொட்டைச் சுவரும் சின்னக் கதவுமாகவும் இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது தெருதான் பிடித்தது. வீடு எவ்வளவு நீளம் என்பது அங்கே நின்றால்தான் புரிகிறது.

காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற ஒரு வீட்டில், மழைக்கு ஒதுங்கின சாக்கில் நுழைந்தோம். முகப்பு, அதைத் தாண்டி வளவு, பிறகு இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. வளவு என்பது நடுவில் வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் பத்தியும், அதாவது தாழ்வாரமும். பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கணவன், மனைவி சேர்ந்தது ஒரு புள்ளி. கோயில் வரி போடுவதும் ஊர்க் கணக்குப் பார்ப்பதும் புள்ளிக் கணக்கில்தான். அறையைத் திறந்தால் கட்டில் போடக்கூட இடம் இருக்காது. அதில் அவரவர் சீர் சாமானைப் பூட்டி வைத்துவிட்டு, படுப்பது பத்தியில். அத்தை சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். சுண்ணாம்போடு கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி இழைத்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் கன்னம் வைத்தால் குளுகுளு என்று இருக்கிறது.

அப்போது மழை வலுத்தது. அதுதான் இன்றைய அதிர்ஷ்டம். நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் கொட்ட, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அவசரமில்லாமல் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிவந்து மூலையில் தகரத் தூம்புக்கு அடியில் வைத்தார்.

“முதல் தண்ணிய விட்டுரணும்மா. ஓடு கழுவி வர்றது. அப்புறம் வர்றதப் புடிச்சா பருப்பு பூவா வேகும்.”

“மிச்சத் தண்ணி எங்க போகுது?” என்றார் அத்தை.

“எங்க போகும்? தெருவுக்கு. தெருவுலேருந்து ஊருணிக்கு.”

குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பின்னாலேயே போனோம். முற்றத்து மூலையில் கல்லில் ஓட்டை, அங்கிருந்து திண்ணைக்கு அடியில் ஒரு மடை, தெருவோரம் கல் பாவிய வாய்க்கால். எல்லா வீட்டு வாய்க்காலும் ஒரே பக்கம் சரிகிறது. சில இடங்களில் யாரோ சிமெண்ட் ரோடு போட்டு வாய்க்காலை மூடியிருக்கிறார்கள். அங்கே மட்டும் தண்ணீர் வழி தெரியாமல் குட்டையாக நிற்கிறது. மற்ற இடங்களில் இன்றைக்கும் ஓடுகிறது. முடிவில் ஊருணி. நாலு பக்கமும் செம்பூரான் கல் படிக்கட்டு, சுற்றிலும் கைப்பிடிச் சுவர், உள்ளே இறங்க வாசல். ஆறு இல்லாத, வானத்தை நம்பிய பூமி இது. கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் ஊரை அமைக்கும்போது முதலில் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பதற்கு அந்த வாய்க்காலே சாட்சி. பெல்ஜியம் கண்ணாடியும் பர்மா தேக்கும் அதற்கப்புறம் வந்தவை.

அந்தச் சாமான்களைப் பற்றி ஒரு கதை. 1927 செப்டம்பரில் காந்தி இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார். மாளிகை மாளிகையாக அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அறை முழுக்க வெளிநாட்டுச் சாமான். அவர் மேடையில், இந்த வீடுகளுக்குச் சாமான் போடும் காண்ட்ராக்டை என்னிடம் கொடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாக, காற்றோட்டமாகச் செய்து தருகிறேன் என்ற மாதிரிப் பேசிவிட்டுப் போனார். குசும்பு பிடித்த மனுஷன். சொன்னது சரி என்றுதான் அந்த அறைகளைப் பார்த்தால் தோன்றுகிறது.

சனி, ஆத்தங்குடி, இரணியூர்

ஆத்தங்குடியில் பெரிய வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, கல் போடுகிற பட்டறை ஒன்றுக்குப் போனோம். இங்கே யாரும் டைல்ஸ் என்று நீட்டி முழக்குவதில்லை, பூக்கல் என்பார்கள், இல்லையென்றால் வெறும் கல். ஓட்டுக் கொட்டகை, தரையில் வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. மெஷின் என்று ஒன்றும் இல்லை, அடுப்பும் இல்லை. சுடாத கல் இது.

ஒரு அண்ணன் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். சதுரக் கண்ணாடியை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் தகடு வளைத்த அச்சு. கூழ் பதத்தில் கரைத்த கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிப் பச்சை. ஒரு சொட்டு அடுத்த கட்டத்தில் விழவில்லை. அச்சைத் தூக்குகிற நொடியில்தான் வித்தை இருக்கிறது: கை துளி ஆடினாலும் கலர் ஒன்றோடொன்று கலந்துவிடும். தூக்கினார். கோடு அப்படியே நின்றது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார், கலரின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஈரக் கலவையை அள்ளிப் போட்டு, கரணையால் அழுத்தி வழித்து, சட்டத்தை உருவிவிட்டு அடுத்த கண்ணாடி.

“மேல பாலிஷ் எப்பண்ணே போடுவீங்க?”

“பாலிஷா? கண்ணாடிதாம்மா பாலிஷு. காஞ்சதும் தொட்டித் தண்ணில போட்டு ஊற வச்சுருவோம். எடுத்தா கண்ணாடி தானா கழண்டு வந்துரும். கண்ணாடி எப்படியோ கல்லும் அப்படி.”

கண்ணாடியில் கீறல் இருந்தால் அந்தக் கீறல் கல்லிலும் வரும் என்றும் சொன்னார். இந்த ஊர் மணல்தான் கல்லுக்கு ராசி என்பது எல்லோரும் சொல்வது. பட்டறையில் அடுக்கியிருந்த புதுக்கல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. மிதிக்க மிதிக்கத்தான் மினுங்கும். வாங்குகிற யோசனை இருந்தால் ஒன்று: கையில் இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு ரயிலில் ஏறாதீர்கள். கனம் முதுகை ஒடித்துவிடும், லாரி புக்கிங்தான் சரி.

மத்தியானம் கீழச்சிவல்பட்டி பக்கம் இரணியூர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது. ஒரு செட்டியார் எந்தக் கோயில் என்று தெரிந்தால்தான் அவருக்கு யார் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பது தெரியும். ஒரே கோயில் என்றால் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பெரிய கோயில்களில் உள்பிரிவு பார்ப்பார்கள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பிக் கோயில்கள், அவர்களுக்குள்ளும் சம்பந்தம் கிடையாது. ஒன்பதில் பிள்ளையார்பட்டியில்தான் கூட்டம் நெரிகிறது. மற்றவற்றில் பல நாள் அர்ச்சகரும் நாமும்தான்.

இரணியனைக் கொன்ற நரசிம்மர் பாவம் தீர இங்கே வந்து சிவனை வழிபட்டார் என்று தலபுராணம். சுவாமி ஆட்கொண்டநாதர், அம்பாள் சிவபுரந்தேவி. ஆனால் நான் உங்களை அனுப்புவது தூண்களுக்காக. அம்பாள் சன்னதி மண்டபத்தில் நவதுர்க்கைகள் தூணை விட்டு முன்னால் வந்து நிற்கிறார்கள். கருங்கல்லில் வளையலுக்கும் கைக்கும் நடுவே இடைவெளி தெரிய வெட்டியிருக்கிறார்கள். ஒரு தூணில் ஆபரண வேலையைத் தடவிப் பார்த்த அத்தை, “நம்ம ஊர் தட்டான் இதப் பாத்தா தொழில விட்ருவான்” என்றார். கழுத்தை அண்ணாந்து கூரையையும் பாருங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போனால் வெளிச்சம் சாய்வாக விழுந்து செதுக்கல் நன்றாகத் தெரியும். மத்தியானத்தில் கோயில் சாத்திவிடுவார்கள். நாங்கள் வாசலில் மர நிழலில் காத்திருந்தோம்.

திரும்பும் வழியில் வைரவன்பட்டிக்கும் ஒரு கும்பிடு. இருட்டிவிட்டதால் குளத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு, திருமயம்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறினால் திருமயம் கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். ராமநாதபுரம் சேதுபதி சீமையின் வடக்கு எல்லைக்காகக் கிழவன் சேதுபதி 1687இல் கட்டியது, பிறகு புதுக்கோட்டைத் தொண்டைமான் கைக்குப் போனது. ஏழு சுற்று மதில் இருந்ததில் இப்போது நாலு நிற்கிறது. ஊமைத்துரை இங்கே இருந்ததாகச் சொல்லி, ஊமையன் கோட்டை என்றும் பெயர். பெரும்பாலானவர்கள் உச்சியில் இருக்கிற பீரங்கி மேல் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஏறுகிற வழியில், பாறைச் சரிவில், ஏணிப்படி வைத்த ஒரு குடைவறை இருக்கிறது. உள்ளே ஆவுடையாரும் லிங்கமும் மலையோடு சேர்த்து வெட்டியது. எட்டிப் பார்க்காமல் வராதீர்கள். வயதானவர்கள் கீழேயே நிற்பது நல்லது. அத்தை கீழே நின்றுகொண்டு எனக்கு வழி சொன்னார்.

ஆனால் திருமயத்தின் உண்மையான சரக்கு மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. நடுவில் மதில். ஒன்றிலிருந்து வெளியே வந்து சுற்றிப்போய்த்தான் அடுத்ததற்குள் நுழைய முடியும். ஒருகாலத்தில் இரண்டு கோயிலாருக்கும் நிலம், வருமானம் பற்றித் தீராத வழக்கு. 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணிவைத்ததைக் கல்வெட்டாகவே வெட்டியிருக்கிறார்கள். பங்காளிச் சண்டைக்குச் செட்டிநாட்டில் இப்போதும் பஞ்சமில்லை, ஆனால் அப்பண்ணர் மாதிரி ஆள் கிடைப்பதில்லை. இதை நாளைக்கு எழுதுகிறேன்.

பெருமாள் கோயிலில் நின்ற கோலத்தில் சத்தியமூர்த்தி, குகைக்குள் பள்ளிகொண்ட கோலத்தில் திருமெய்யர். திருமங்கையாழ்வார் பாடிய தலம், நூற்றெட்டில் ஒன்று. திருமெய்யர் இருக்கிற இடம் இருட்டு. பட்டர் தீபத்தைத் தலைமாட்டிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போகிறார், உருவம் போய்க்கொண்டே இருக்கிறது. பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும் கூட்டமாகக் கூடி நிற்க, ஆதிசேஷன் கக்கிய தீ நாக்குகள் ஒரு பக்கம், அதற்குப் பயந்து ஓடுகிற மது, கைடபர் என்ற அசுரர்கள் இன்னொரு பக்கம். பெருமாள் இது எதற்கும் எழுந்திருக்கவில்லை. நிதானமாகப் படுத்திருக்கிறார். தட்டில் காணிக்கை போட்டுவிட்டு, பின்சுவருக்கு ஒருமுறை தீபம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் முகத்தோடு முடித்துவிடுவார்கள்.

சிவன் கோயிலில் சத்தியகிரீசுவரர். எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாக லிங்கோத்பவர். பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய கல்வெட்டைச் செதுக்கி அழித்துவிட்டு மேலே வேறு எழுதியிருக்கிறார்கள். அழிந்தது சங்கீதம் பற்றியது, குடுமியான்மலையில் இருக்கிற இசைக் கல்வெட்டின் உறவு. மிச்சம் இருக்கிற சில எழுத்துகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

திங்கள், காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைகள். எனாமல் தூக்கு, பித்தளைக் கூஜா, ரவிவர்மா படம், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவிக்கொத்து, மரவை, கடகப்பெட்டி, பெயர் வெட்டிய சட்டி பானை. பாத்திரத்தின் விளிம்பில் இன்னாருக்கு இன்னார் கொடுத்தது என்று எழுத்து ஓடுகிறது. அதுவரைக்கும் வேடிக்கைதான். தெருக் கடைசியில் ஒரு கொட்டகைக்குள் தேக்குத் தூண்கள் விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தன, பக்கத்தில் நிலைக்கதவுகள், உத்தரத்தில் கஜலட்சுமி. கடைக்காரர் தூணுக்கு விலை சொன்னார். எந்த ஊர் வீடு என்று கேட்டேன், சிரித்தார்.

ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள் உண்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் பணம் போட வேண்டும், விற்க வேண்டுமென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் நடக்காது. ஓடு உடைந்து, மழை இறங்கி, உத்தரம் இற்றுப்போன பிறகு எல்லோருக்கும் ஒரே மனசு வரும்: பிரித்துவிடலாம். ‘கொண்டுவிற்க’, அதாவது வட்டித் தொழிலுக்கு, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்ச் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் வருமானத்தின் ஊற்று அடைபட்டது, அதற்குப் பிறகு அங்கே இருந்த நிலங்கள் திரும்பி வரவேயில்லை. வீடு மட்டும் இங்கே நின்றது. தூண் வாங்கிப் போய் ரிசார்ட் கட்டுகிறவர்களைத் திட்டலாம் என்று ஆரம்பித்தேன். கறையானுக்குப் போவதற்கு இது மேல் என்று அத்தை சொன்னார். எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

அங்கிருந்து கம்பன் மணிமண்டபம். சா. கணேசன் 1939இல் இந்த ஊரில் ஆரம்பித்த கம்பன் திருநாள் பங்குனியில் இன்றைக்கும் நடக்கிறது. வளாகத்துக்குள்ளேயே தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. தமிழுக்குக் கோயில் கட்டுவது கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்துவிட்டு வந்தோம்.

தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டும்போது ஒன்று சொல்ல வேண்டும்: யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் ஏ.வி.எம். ஸ்டுடியோ தொடங்கியது கோடம்பாக்கத்தில் இல்லை, இங்கேதான். பார்க்க ஒன்றும் இல்லை, நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கோட்டையூரும் அப்படி. காந்தியைப் பற்றி உலகம் சுற்றிப் படச்சுருள் சேகரித்து 1940இல் ஆவணப்படம் எடுத்த ஏ.கே. செட்டியார் அந்த ஊர்க்காரர். தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிற எல்லோருக்கும் முன்னோடி. லட்சக்கணக்கில் பழைய தாள்களும் புத்தகங்களும் சேர்த்த ரோஜா முத்தையாவும் அதே ஊர். அந்தச் சேகரிப்பு இப்போது சென்னையில் நூலகமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒரு பலகாரக் கடையில் வெள்ளைப்பணியாரம். கடைக்கார ஆச்சியிடம் அத்தை அளவு கேட்டார். “ஒரு டம்ளர் பச்சரிசி தலை தட்டி. அது மேலயே உளுந்து கோபுரமா நிக்கிற வரைக்கும். அம்புட்டுத்தான். மாவு நைசா இருக்கணும், பாலு, உப்பு, கொஞ்சம் சீனி.” ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்ததும் அடியில் போய், தானாக மேலே வந்து, ஓரம் சுருங்கி விரிந்தது. ஒரு தடவைக்கு ஒன்றுதான். சிவக்கவிடக் கூடாது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல், கண்ணில் தண்ணீர் வருகிற காரம். அடுத்த வாரம் பிள்ளையார் நோன்பு, கடையில் கருப்பட்டி வாசனை தூக்குகிறது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு; இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். “சுடாதா?” என்று கேட்டேன். “புள்ளையாரு பாத்துக்குவாரு” என்றார் ஆச்சி, அடுத்த பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே.

செவ்வாய், கொள்ளுக்குடிப்பட்டி, நாட்டரசன்கோட்டை

விடிவதற்குள் கிளம்பித் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி சரணாலயம். 1977இல் அறிவித்தது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள். கருவேல மரம் முழுக்க நத்தைக்குத்தி நாரை, உண்ணிக்கொக்கு, இராக்கொக்கு; கரையோரம் கரண்டிவாயன் வாயைத் தண்ணீரில் வைத்து இப்படியும் அப்படியும் அரித்துக்கொண்டிருந்தது. பறவைக்குப் பயமாக இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. டீக்கடையில் ஒரு பையனிடம் கேட்டேன், உனக்கு ஆசையாக இருக்காதா என்று. “எங்க அம்மாச்சி ஊர்ல போய்ப் போட்டுக்குவேன்” என்றான்.

நாட்டரசன்கோட்டையில் கம்பர் அடக்கமான இடம் இருக்கிறது, ஊருக்கு வெளியே, சின்னதாக. காரைக்குடிக் கம்பன் திருநாளின் கடைசி நாள், அத்த நட்சத்திரத்தன்று, இங்கேதான் நடக்கும். பிறந்த குழந்தைகளின் நாக்கில் இந்த மண்ணைத் துளி தொட்டு வைக்கிற வழக்கம் ஊரில் உண்டு, தமிழ் நன்றாக வரும் என்று. அத்தை ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பேரனுக்காம். அவன் நாக்கில் இப்போதைக்கு ஏறுவது கார்ட்டூன் இந்திதான்.

கண்ணுடையநாயகி கோயில், ஊருக்குக் கண்ணாத்தாள். தைப் பொங்கலுக்குப் பிறகு வருகிற முதல் செவ்வாய் அன்று நகரத்தார் எங்கிருந்தாலும் இங்கே வந்து கோயில் முன் வரிசை வரிசையாகப் பானை வைக்கிறார்கள். முதல் பானை யாருடையது என்பது குலுக்குச் சீட்டு. சென்னை, பெங்களூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து நிற்பதால் பெண் பார்க்கிற, மாப்பிள்ளை பார்க்கிற வேலையும் அடுப்புக்குப் பக்கத்திலேயே நடந்துவிடும் என்று பூக்கடைக்காரர் சொன்னார். செட்டிநாட்டைப் பூட்டாத நிலையில் பார்க்க அந்த ஒரு நாள் போதும் போலிருக்கிறது.

“அடுத்த மாசம் அந்தச் செவ்வாய் என்னைக்குன்னு பாரும்மா” என்கிறார் அத்தை.

“நமக்கு அங்க என்ன அத்தை? நாம செட்டியாரா?”

“பாக்குறதுக்கு என்ன? கண்ணாத்தா வேணாங்குறாளா?”

சிவகங்கையில் ரூம் கிடைக்குமா என்று போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தை மாசத்துக்கு இப்போதே தர மாட்டோம் என்கிறார்கள்.